கேள்வி பதில்: காயத்தின் வாசலில் காத்திருக்கும் புரதம்

இரத்தம் உறைவதைப் பற்றிச் சென்ற இதழில் இரண்டே பத்திகள் எழுதியிருந்தேன். அவற்றில் ஒரு வரி, "உறைவதற்கு வேண்டிய எல்லாம் இரத்தத்தில் எப்போதும் தயாராக இருக்கின்றன, தொடங்கி வைக்கும் ஒன்று மட்டும் வெளியே இருக்கிறது" என்பது. அந்த ஒன்று எது, அது எப்படி இருக்கும் என்று கேட்டு தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களிலிருந்து மட்டும் பல கடிதங்கள் வந்துள்ளன. அவற்றில் சிலவற்றுக்கு இந்த இதழ் முழுவதையும் ஒதுக்குகிறேன்.

*

கேள்வி: தோப்பில் மாங்காய் பறிக்கும்போது தொரட்டிக் கத்தி விரலைக் கீறிவிட்டது. ஐந்து நிமிடத்தில் இரத்தம் கட்டிப்பட்டு நின்றுவிட்டது. உடம்புக்குள் எழுபது வருடமாக உறையாமல் ஓடும் அதே இரத்தம், வெளியே வந்ததும் எப்படி உறைகிறது? காற்றுப் பட்டதாலா?
– விவசாயி, காவேரிப்பட்டணம்

காற்றுக்கு இதில் பங்கில்லை. உங்கள் விரலில் இரத்தம் தொட்டது காற்றை மட்டுமன்று. இரத்தக் குழாயின் உட்சுவருக்கு அப்பால் இருக்கும் திசுவையும் தொட்டது. அந்தத் திசுவின் செல்களில் 'திசுக் காரணி' என்னும் புரதம் நட்டு வைத்த முளைக்குச்சிகளைப் போல நிற்கிறது. குழாயின் உள்ளே போர்த்தியிருக்கும் மெல்லிய செல் அடுக்கு நலமாக இருக்கும்வரை இந்தப் புரதத்தை இரத்தம் சந்திப்பதே இல்லை. கத்தி அந்தப் போர்வையைக் கிழித்ததும் இரண்டும் சந்திக்கின்றன. மூளை, நுரையீரல், நஞ்சுக்கொடி போன்ற, இரத்தம் கசிந்தால் பெருங்கேடு விளையும் உறுப்புகளில் இது மிகுதியாக இருப்பது இயற்கையின் முன்யோசனை என்றே எனக்குத் தோன்றுகிறது.

இதன் அமைப்பைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனெனில் உங்கள் கேள்வியின் விடை அமைப்பில்தான் இருக்கிறது. திசுக் காரணி 263 அமினோ அமிலங்களால் ஆன ஒற்றைச் சங்கிலி. அதில் 219 செல்லுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கின்றன. 23 செல்லின் சவ்வைத் துளைத்துக் கொண்டு நிற்கின்றன. மீதமுள்ள 21 செல்லுக்கு உள்ளே வால்போல் தொங்குகின்றன. வெளியே நீட்டும் பகுதி இரண்டு கட்டிகளாக மடிந்து, ஒன்றின்மேல் ஒன்று சற்றுச் சாய்வாக அமர்ந்திருக்கிறது. இரண்டு கட்டிகளுக்கும் இடையே அசைவு மிகக் குறைவு. இந்த விறைப்புக்குப் பின்னால் ஒரு காரணம் உண்டு.

இந்தப் புரதம் எதையும் வெட்டாது, எதையும் உருவாக்காது. உறைதலைத் தொடங்கி வைப்பதாகப் பெயர் வாங்கியிருந்தாலும் அது நொதியே அன்று. அதன் ஒரே வேலை, இரத்தத்தில் மிதந்து வரும் 'ஏழாம் காரணி' என்னும் இன்னொரு புரதத்தைப் பிடித்து, சரியான உயரத்தில், சரியான திசையில் அசையாமல் நிறுத்தி வைப்பது. கத்தி கையில் இருப்பவன் வேறு, அந்தக் கையைப் பிடித்து வழிகாட்டுபவன் வேறு என்று வைத்துக்கொள்ளுங்கள். இங்கே தொடக்கம் என்பது வழிகாட்டுபவனின் செயல்.

ஏழாம் காரணி கல்லீரலில் உருவாகும் புரதம். 406 அமினோ அமிலங்கள் கொண்டது. வரிசையாக நான்கு பகுதிகள்: சவ்வில் ஒட்டிக்கொள்ளும் பாதம், அதன்மேல் இரண்டு சிறு கணுக்கள், உச்சியில் வெட்டும் தலை. 152-ஆவது அமினோ அமிலத்துக்கும் 153-ஆவதற்கும் இடையே உள்ள ஒரே ஒரு பிணைப்பு அறுபட்டால் தலை வேலைக்குத் தயாராகிறது. அப்படி அறுந்தாலும் இரண்டு துண்டுகளும் பிரிந்து போவதில்லை. கந்தக அணுக்களுக்கு இடையிலான ஒரு பாலம் அவற்றைச் சேர்த்தே வைத்திருக்கிறது. நம் இரத்தத்தில் உள்ள ஏழாம் காரணியில் நூற்றுக்கு ஒன்று என்ற அளவில் எப்போதும் இப்படி அறுபட்ட நிலையிலேயே சுற்றிக்கொண்டிருக்கிறது. அடுத்த போகத்துக்கு என்று எடுத்து வைக்கும் விதை நெல்லைப் போன்றது அது.

அறுபட்டுத் தயாரான கத்தி இரத்தத்தில் சுற்றுகிறது என்றால் அது ஏன் வழியெல்லாம் வெட்டித் தள்ளவில்லை என்று நீங்கள் கேட்கலாம். வெட்டும் தலை உறுதிப்பட வேண்டுமானால், அறுபட்ட இடத்தில் புதிதாகத் தோன்றிய சங்கிலியின் நுனி, தலைக்குள் இருக்கும் ஒரு குழியில் ஆப்பு இறுக்கியதுபோல் செருகிக்கொள்ள வேண்டும். தனியாகத் திரியும் ஏழாம் காரணியில் இந்த ஆப்பு இறுகுவதில்லை, ஆடிக்கொண்டே இருக்கிறது. திசுக் காரணி பக்கவாட்டில் பாதத்திலிருந்து தலைவரை அணைத்துப் பிடித்தவுடன், பிடித்த இடத்தின் இறுக்கம் உள்ளே பரவி ஆப்பு இறுகுகிறது. வெட்டும் வேகம் பல்லாயிரம் மடங்கு பெருகுகிறது. இரண்டும் அணைத்து நிற்கும் நிலையைப் படிகமாக்கி, எக்ஸ் கதிர்களால் 1996-இல் படம்பிடித்துக் காட்டினார்கள். வெட்டும் இடம் செல் சவ்விலிருந்து ஏறத்தாழ 8 நானோமீட்டர் உயரத்தில் நிற்பதாகக் கணிக்கப்பட்டுள்ளது. அடுத்து வெட்டப்பட வேண்டிய, இரத்தத்தில் வரும் இன்னொரு புரதமான பத்தாம் காரணியும் அதே சவ்வில் பாதம் ஊன்றி நிற்பதால், அதன் வெட்டுப்பட வேண்டிய பிணைப்பும் ஏறக்குறைய அதே உயரத்தில் வந்து நிற்கிறது. விறைப்பின் காரணம் இப்போது புரிந்திருக்கும்.

பத்தாம் காரணி அறுபட்டதும் அது புரோத்ராம்பின் என்னும் இரத்தப் புரதத்தை வெட்டி த்ராம்பினாக்குகிறது. த்ராம்பின், இரத்தத்தில் கரைந்திருக்கும் ஃபைப்ரினோஜன் என்னும் புரதத்தை வெட்டி ஃபைப்ரின் நூலாக்குகிறது. உங்கள் விரலில் கட்டிப்பட்டது அந்த நூல் வலையும், அதில் சிக்கிய சிவப்பணுக்களும், தட்டணுக்களும்தாம்.

*

கேள்வி: நாங்கள் நடத்தும் பாடத்தில் 'த்ராம்போகைனேஸ்' என்றும் 'த்ராம்போபிளாஸ்டின்' என்றும் வருகிறது. நீங்கள் திசுக் காரணி என்கிறீர்கள். மாணவருக்கு எதைச் சொல்வது? மேலும் கண்ணாடிக் குழாயில் எடுத்த இரத்தத்தில் திசுவே இல்லை. அது ஏன் உறைகிறது?
– மேல்நிலைப் பள்ளி ஆசிரியை, பாலக்கோடு

தேர்வுக்குப் பாடநூலில் உள்ளதையே எழுதச் சொல்லுங்கள். மதிப்பெண் விஷயத்தில் என் பத்தியை நம்பி யாரும் இறங்க வேண்டாம். பவுல் மொராவிட்ஸ் என்னும் ஜெர்மானிய மருத்துவர் 1905-இல் உறைதலை நான்கு பொருள்களைக் கொண்டு விளக்கினார்: ஃபைப்ரினோஜன், புரோத்ராம்பின், கால்சியம், த்ராம்போகைனேஸ். அவர் வைத்த அந்த நான்காவது பெயர்தான் நூறாண்டு கடந்தும் பாடநூல்களில் நிற்கிறது. த்ராம்போபிளாஸ்டின் என்பது திசுவை அரைத்து எடுத்த சாற்றுக்கு இடப்பட்ட பெயர். அந்தச் சாற்றில் இருந்த செயல்படும் பொருள் திசுக் காரணியும், அது பதிந்திருந்த சவ்வின் கொழுப்பும் சேர்ந்த கலவை என்று பின்னர்தான் தெரிந்தது. ஆகவே மூன்றும் மூன்று பொருள்கள் அல்ல. ஒரே பொருளை மூன்று தலைமுறையினர் தத்தம் தெளிவுக்கு ஏற்ப அழைத்த பெயர்கள். ஆய்வகத்தில் உறையும் நேரம் பார்க்கும் சோதனைக்கு ஊற்றும் மருந்துப் புட்டியில் இன்றும் த்ராம்போபிளாஸ்டின் என்றே அச்சிட்டிருக்கும்.

கண்ணாடிக் குழாய் பற்றிய கேள்வி மிக நல்ல கேள்வி. கண்ணாடியின் பரப்பு எதிர்மின் தன்மை உடையது. பன்னிரண்டாம் காரணி என்னும் புரதம் அத்தகைய பரப்பில் படிந்தவுடன் வடிவம் மாறித் தூண்டப்படுகிறது. அங்கிருந்து பதினொன்று, ஒன்பது, பத்து என்று வேறொரு பாதையில் உறைதல் நடக்கிறது. இதை வைத்தே உடம்பிலும் உறைதல் இரண்டு வாசல்களில் தொடங்குகிறது என்று வெகுகாலம் கற்பித்தார்கள். ஆனால் 1955-இல் ஆஸ்கர் ராட்னாஃப் என்னும் அமெரிக்க மருத்துவர், ஜான் ஹேக்மன் என்ற இரயில்வே தொழிலாளியின் இரத்தம் கண்ணாடிக் குழாயில் அளவு கடந்த நேரம் உறையாமல் கிடந்ததையும், அவருக்கோ இரத்தக் கசிவு நோய் எதுவும் இல்லாததையும் எடுத்துக் காட்டினார். பன்னிரண்டாம் காரணி அவரிடம் இல்லை; அதனால் அவருக்குக் குறையும் இல்லை. பிற்காலத்தில் அவர் இறந்ததே இரத்தக் கட்டி நுரையீரலில் அடைத்ததால்தான். காயத்தில் இரத்தம் நிற்பதற்குப் பன்னிரண்டாம் காரணி தேவையில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. காயத்தின் வாசல் திசுக் காரணி ஒன்றே.

பரிசோதனைக்கு இரத்தம் எடுக்கும் நீல மூடிக் குழாயில் கொஞ்சம் திரவம் முன்கூட்டியே இருப்பதை மாணவர்கள் கவனித்திருப்பார்கள். அது சிட்ரேட். கால்சியத்தைக் கட்டிப்போட்டு உறைதலை நிறுத்தி வைக்கிறது. ஆய்வகத்தில் மீண்டும் கால்சியம் சேர்த்த பிறகே கடிகாரத்தைத் தட்டுகிறார்கள்.

*

கேள்வி: ஒரு காரணி அடுத்ததைத் தூண்டுவதை அருவிக்கு ஒப்பிடுவதாகப் படித்தேன். அது பொருத்தமான உவமையா?
– கல்லூரி மாணவர், பென்னாகரம்

ஒகேனக்கல்லுக்குப் பக்கத்திலிருந்து இந்தக் கேள்வி வருவதில் ஒரு நியாயம் இருக்கிறது. 1964-இல் ஒரே சமயத்தில் இரு தரப்பார் இந்த எண்ணத்தை வெளியிட்டார்கள். இங்கிலாந்தில் மக்ஃபர்லேன் படிப்படியாக இறங்கும் அருவி என்றார். அமெரிக்காவில் டேவியும் ராட்னாஃபும் நீர்வீழ்ச்சி என்றார்கள். ஒன்று முடிந்து அடுத்தது என்ற வரிசையைக் காட்ட உவமை உதவுகிறது. இரண்டு இடங்களில் வழுக்குகிறது.

முதலாவது, அருவியில் மேலே விழும் நீரின் அளவுதான் கீழேயும் வரும். இங்கே படிக்குப் படி பெருகுகிறது. ஒரு லிட்டர் பிளாஸ்மாவில், அதாவது அணுக்களை நீக்கிய இரத்த நீரில், ஏழாம் காரணி ஏறத்தாழ அரை மில்லிகிராம். பத்தாம் காரணி பத்து மில்லிகிராமை ஒட்டி இருக்கும். புரோத்ராம்பின் நூறு மில்லிகிராம் அளவு. ஃபைப்ரினோஜனோ இரண்டாயிரத்திலிருந்து நான்காயிரம் மில்லிகிராம். மேலே ஒரு கைப்பிடி நீர் தெளித்தால் கீழே காவிரி புரண்டு ஓடுவதைப் போன்ற கணக்கு இது. ஒவ்வொரு நொதியும் ஒரு வெட்டோடு ஓய்வதில்லை, அடுத்தடுத்து வெட்டிக்கொண்டே இருப்பதால்தான் இது கூடுகிறது.

இரண்டாவது, நீர் மேலே ஏறாது. த்ராம்பின் ஏறும். முதலில் உண்டாகும் மிகச் சிறிதளவு த்ராம்பின் ஐந்தாம், எட்டாம், பதினொன்றாம் காரணிகளையும் தட்டணுக்களையும் திரும்பிச் சென்று தூண்டுகிறது. ஐந்தாம் காரணி துணை நின்றால், பத்தாம் காரணி தட்டணுவின் சவ்வில் புரோத்ராம்பினை வெட்டும் வேகம் இலட்சக்கணக்கான மடங்கு உயர்கிறது. அதனால் தொடக்கம் சிறிது, பெருக்கம் பெரிது என்று இரண்டு கட்டங்களாகப் பிரித்துச் சொல்வதே இன்றைய வழக்கம். தேர்வில் அருவி என்றே எழுதுங்கள். மனத்துக்குள் இந்தத் திருத்தத்தை வைத்துக்கொள்ளுங்கள்.

*

கேள்வி: நாங்கள் பட்டுப்புழு வளர்க்கிறோம். புழுவின் வாயிலிருந்து நீராக வருவது கண்ணெதிரே நூலாகிறது. இரத்தத்தில் ஃபைப்ரின் நூலாவதும் இதே வழியா? பெயர்கூட ஃபைப்ராயின், ஃபைப்ரின் என்று ஒன்றுபோல் இருக்கிறது.
– பட்டு விவசாயி, தருமபுரி

இந்தக் கடிதத்தைப் படித்ததும் பட்டுக்கூடு அங்காடிக்குப் போய் ஒரு கூட்டை வாங்கி வந்து மேசைமேல் வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். பெயர் ஒற்றுமைக்குக் காரணம், இரண்டும் நார் என்று பொருள்படும் ஒரே இலத்தீன் சொல்லிலிருந்து வந்தவை. ஆனால் நீர் நூலாகும் வழி வேறு.

புழுவின் பட்டுச் சுரப்பியில் ஃபைப்ராயின் மிக அடர்த்தியாக, பிசின்போலத் தேங்கியிருக்கிறது. சுரப்பியின் முன்பகுதியை நெருங்க நெருங்க அமிலத்தன்மை கூடுகிறது. குறுகிய துவாரத்தின் வழியே, புழு தலையை எட்டு வடிவில் ஆட்டி ஆட்டி இழுக்கும் இழுப்பில் சங்கிலிகள் நீண்டு, பக்கத்தில் பக்கத்தில் அடுக்கி, தகடுதகடாக இறுகிவிடுகின்றன. கிளைசின், அலனின், கிளைசின், அலனின், கிளைசின், செரின் என்று மீண்டும் மீண்டும் வரும் எளிய வரிசை இந்த அடுக்கலுக்கு வசதி. எந்தப் பிணைப்பும் வெட்டப்படவில்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். இழுப்பே நூலாக்குகிறது.

ஃபைப்ரினோஜனை இழுக்க யாரும் இல்லை. அது ஆறு சங்கிலிகள் கொண்ட நீண்ட மூலக்கூறு: மூன்று வகைச் சங்கிலிகள், ஒவ்வொன்றிலும் இரண்டு. ஆறும் நடுவில் ஒரு முடிச்சில் சேர்ந்து, அங்கிருந்து இரு பக்கமும் மும்மூன்றாகக் கயிறு திரித்ததுபோல் முறுக்கிக்கொண்டு போய், இரு முனையிலும் ஒவ்வொரு குண்டாக முடிகின்றன. மொத்த நீளம் 45 நானோமீட்டர். ஒரு மில்லிமீட்டர் நீளத்துக்கு இருபத்திரண்டாயிரம் மூலக்கூறுகளைத் தலையோடு தலை வைக்கலாம். எடை 3,40,000 டால்டன் (ஒரு டால்டன் ஏறத்தாழ ஒரு ஹைட்ரஜன் அணுவின் எடை). நடு முடிச்சிலிருந்து நான்கு சிறு வால்கள் நீட்டிக்கொண்டிருக்கின்றன. எதிர்மின் ஏற்றம் கொண்ட இந்த வால்கள் ஒன்றையொன்று விலக்கித் தள்ளுவதோடு, அடியில் உள்ள பற்றுமுனைகளையும் மூடி வைத்திருக்கின்றன.

த்ராம்பின் வந்து இந்த நான்கு வால்களையும் நறுக்குகிறது. இரண்டில் பதினாறு அமினோ அமிலங்கள், இரண்டில் பதினான்கு, ஆக அறுபது. ஏறத்தாழ மூவாயிரம் அமினோ அமிலங்கள் கொண்ட மூலக்கூறிலிருந்து அறுபது போனது நூற்றுக்கு இரண்டு பங்கு இழப்பு. அந்த இரண்டு பங்கு போனதும் கரைந்திருந்தது கரையாததாகிவிடுகிறது. வால் போன இடத்தில் கிளைசின், புரோலின், அர்ஜினின் என்ற மூன்றெழுத்து முனை வெளிப்படுகிறது. பக்கத்து மூலக்கூறின் முனைக் குண்டில் அதற்கென்றே ஒரு குழி தயாராக இருக்கிறது. சட்டைப் பொத்தான் காதுக்குள் போவதைப்போல் இது அதில் போய்ப் பொருந்துகிறது. ஒன்றின் நடுவும் இன்னொன்றின் முனையும் பொருந்துவதால், கொத்தனார் செங்கல் சுவரில் மூட்டு மாற்றி வைப்பதைப்போல, பாதிப் பாதி தள்ளித் தள்ளி அடுக்கிக்கொண்டு இழை நீள்கிறது. இழைகள் பக்கவாட்டில் சேர்ந்து நூலாகின்றன. பின்னர் பதின்மூன்றாம் காரணி வந்து, ஒரு மூலக்கூறின் குளுட்டமினையும் அடுத்ததன் லைசினையும் நிலையான பிணைப்பால் தைத்துவிடுகிறது.

கொரோனா காலத்தில் டி-டைமர் என்ற பரிசோதனையின் பெயர் ஊரெல்லாம் அடிபட்டதே, அது இந்தத் தையலைப் பற்றியதுதான். கட்டி கரையும்போது முனைக் குண்டுகள் இரண்டு தைத்தபடியே துண்டாக வெளிவரும். அவற்றை அளப்பதே அந்தப் பரிசோதனை.

இரண்டு நூல்களின் உள்ளமைப்பும் வேறு. பட்டு தகடு அடுக்கியது; ஃபைப்ரின் சுருள் முறுக்கியது. ஆஸ்ட்பரி என்னும் ஆய்வாளரும் அவருடைய கூட்டாளிகளும் 1943-இல் எக்ஸ் கதிர்ப் படங்களைப் பார்த்து, ஃபைப்ரினோஜன் முடியிலும் தசையிலும் உள்ள புரதங்களின் குடும்பத்தைச் சேர்ந்தது என்று சொல்லிவிட்டார்கள். இந்த அமைப்பு வேறுபாட்டால் பட்டு நூல் அறுபடாமல் தாங்கும், அவ்வளவாக நீளாது. ஃபைப்ரின் நூலோ தன் நீளத்தைப்போல் இரண்டு மடங்குக்கு மேலும் இழுபட்டுத் தாங்கும். துடிக்கும் குழாயின் ஓட்டையை அடைக்க வேண்டிய நூலுக்கு இந்த நெகிழ்ச்சி வேண்டும்.

இன்னொன்றையும் சொல்ல ஆசை. ஒரு லிட்டர் தண்ணீரில் மூன்று கிராம் ராகி மாவைப் போட்டுக் களி கிண்ட நம் ஊரில் யாராலும் முடியாது. ஒரு லிட்டர் பிளாஸ்மாவை மூன்று கிராம் ஃபைப்ரின் அசையாத கட்டியாக்கிவிடுகிறது. நூல் மெல்லியது, கிளைகள் பல. நடுவில் இருப்பதெல்லாம் நீர்தான்.

*

கேள்வி: என் மாமனாருக்கு இதயத்தில் செயற்கை வால்வு பொருத்தியிருக்கிறார்கள். இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை தருகிறோம். கீரையை அளவாகச் சாப்பிடச் சொன்னார் மருத்துவர். முருங்கைக்கீரைக்கும் இரத்தம் உறைவதற்கும் என்ன சம்பந்தம்?
– இல்லத்தரசி, ஊத்தங்கரை

சம்பந்தம் ஒரே ஒரு கரியமில வாயு மூலக்கூறு. முதல் பதிலில், ஏழாம் காரணிக்கும் பத்தாம் காரணிக்கும் சவ்வில் ஊன்றும் பாதம் உண்டு என்று சொன்னேன். புரோத்ராம்பினுக்கும் ஒன்பதாம் காரணிக்கும்கூட அத்தகைய பாதம் உண்டு. அந்தப் பாதத்தில் பத்துப் பன்னிரண்டு இடங்களில் குளுட்டமிக் அமிலம் இருக்கும். கல்லீரல் அவை ஒவ்வொன்றிலும் ஒரு கரியமில வாயுவைக் கூடுதலாகப் பொருத்துகிறது. பொருத்தியபின் அங்கே இரண்டு அமில முனைகள் நண்டின் கொடுக்கைப்போல் கால்சியத்தைக் கவ்விக்கொள்கின்றன. கால்சியங்கள் வரிசையாக அமர்ந்தபின்தான் பாதம் சரியான வடிவில் மடிந்து, சவ்வில் ஊன்றும். இந்தப் பொருத்தும் வேலைக்கு வைட்டமின் கே கட்டாயம் வேண்டும். பச்சைக் கீரைகளில் அது மிகுதி.

நீங்கள் தரும் வார்ஃபரின் அல்லது அசினோகூமரால் வகை மாத்திரை, ஒருமுறை பயன்பட்ட வைட்டமின் கே-யைப் புதுப்பிக்கும் நொதியைத் தடுக்கிறது. புரதம் உருவாகத்தான் செய்யும். பாதம் ஊனமாக இருக்கும். கத்தி கூர்மையாக இருந்தும் நிற்க இடம் இல்லாததால் பயனில்லை. ஏழாம் காரணி இரத்தத்தில் சில மணி நேரமே நிலைப்பதால் முதலில் குறைவது அதுதான். மற்றவை குறையச் சில நாள்கள் ஆகும்.

டென்மார்க்கைச் சேர்ந்த ஹென்ரிக் டாம் கோழிக்குஞ்சுகளுக்குக் கொழுப்பில்லாத தீனி கொடுத்தபோது அவை இரத்தம் கசிந்து இறந்ததைப் பின்தொடர்ந்துதான் இந்த வைட்டமினைக் கண்டுபிடித்தார்; 1943-ஆம் ஆண்டின் நோபல் பரிசு அவருக்கும் எட்வர்ட் டாய்சிக்கும் கிடைத்தது. அந்த வைட்டமின் என்ன செய்கிறது என்பது, அதாவது மேலே சொன்ன கொடுக்கு, 1974-இல்தான் தெரிந்தது. மாத்திரையின் கதை மாட்டுத் தீவனத்தில் தொடங்குகிறது. அமெரிக்காவின் விஸ்கான்சின் பகுதியில் பூஞ்சை பிடித்த ஒருவகைத் தீவனப் புல்லைத் தின்ற மாடுகள் இரத்தம் உறையாமல் இறந்தன. அந்தப் புல்லிலிருந்து கார்ல் லிங்க் என்பவரின் ஆய்வகத்தார் பிரித்தெடுத்த பொருளின் வழித்தோன்றலே வார்ஃபரின்.

கீரையை அடியோடு நிறுத்த வேண்டியதில்லை. வாரம் முழுவதும் ஒரே சீராக இருக்க வேண்டும் என்பதே மருத்துவரின் கருத்தாக இருக்கும். ஒரு வாரம் தினமும் முருங்கைக்கீரைப் பொரியல், மறுவாரம் ஒன்றுமே இல்லை என்றால் மாத்திரையின் அளவு பொருந்தாமல் போகும். மாத்திரையை நீங்களாகக் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம். குறித்த நாளில், இரத்தம் உறைய எடுக்கும் நேரத்தைப் பார்க்கும் ஐ.என்.ஆர். பரிசோதனையைத் தவறவிட வேண்டாம். மூட்டு வலிக்கு என்று கடையில் மாத்திரை வாங்கித் தருவதும், நாட்டு மருந்து சேர்ப்பதும் மருத்துவருக்குத் தெரியாமல் நடக்கக் கூடாது.

*

கேள்வி: கடலை பிடுங்கும்போது என் தம்பியைக் கண்ணாடி விரியன் தீண்டியது. மருத்துவமனையில் அவன் இரத்தத்தை ஒரு கண்ணாடிக் குழாயில் எடுத்து இருபது நிமிடம் அப்படியே வைத்தார்கள். உறையவில்லை என்றதும் மருந்து ஏற்றினார்கள். பிழைத்துவிட்டான். விஷம் இரத்தத்தை உறைய வைக்கும் என்றும் சொல்கிறார்கள், உறைய விடாது என்றும் சொல்கிறார்கள். எது உண்மை?
– வாசகர், அரூர்

இரண்டும் உண்மை, முதலாவது நடப்பதால் இரண்டாவது நடக்கிறது. கண்ணாடி விரியனின் நஞ்சில் பத்தாம் காரணியை நேரே வெட்டும் நொதி ஒன்று இருக்கிறது. நம் உடம்பில் திசுக் காரணியும் ஏழாம் காரணியும் சேர்ந்து பத்தாம் காரணியில் எந்தப் பிணைப்பை வெட்டுகின்றனவோ, அதாவது 194-க்கும் 195-க்கும் இடையிலான அதே பிணைப்பை, இது வெட்டுகிறது. இதன் படிக அமைப்பைக் கண்டவர்கள் கொக்கி வைத்த ஸ்பேனருக்கு ஒப்பிட்டார்கள். கைப்பிடி முனையில் இருக்கும் இரண்டு சிறு சங்கிலிகள் பத்தாம் காரணியின் பாதத்தை அடையாளம் கண்டு பிடித்துக்கொள்ள, மறுமுனையில் துத்தநாக அணுவைத் தாங்கிய பகுதி வெட்டுகிறது. பிடிக்கும் பகுதி ஒன்று, வெட்டும் பகுதி ஒன்று என்ற அதே ஏற்பாடு. நாம் இரண்டு புரதங்களாக வைத்திருப்பதைப் பாம்பு ஒன்றாகச் சேர்த்துக்கொண்டது. ஐந்தாம் காரணியைத் தூண்டும் இன்னொரு நொதியும் அதே நஞ்சில் இருக்கிறது. சுருட்டை விரியனின் நஞ்சு இன்னும் ஒரு படி கீழே இறங்கி, புரோத்ராம்பினையே நேரடியாக வெட்டுகிறது.

திசுக் காரணி காயம் பட்ட இடத்தில் மட்டும் இருக்கிறது. நஞ்சு ஊரெல்லாம் சுற்றுகிறது. வேறுபாடு அவ்வளவுதான், விளைவோ பயங்கரம். குழாய்கள் எங்கும் சிறு சிறு ஃபைப்ரின்கள் உண்டாகி உண்டாகிக் கரைய, கையிருப்பில் இருந்த ஃபைப்ரினோஜன் சில மணி நேரத்தில் தீர்ந்துபோகிறது. பெரியவர் ஒருவரின் பிளாஸ்மா முழுவதிலும் ஃபைப்ரினோஜன் பத்து கிராம் அளவுதான் இருக்கும். அது தீர்ந்த பிறகு எடுக்கும் இரத்தம் குழாயில் உறையாது. ஈறிலிருந்தும் சிறுநீரிலும் இரத்தம் வரத் தொடங்கும்.

குழாய்ச் சோதனையில் சுத்தமான, உலர்ந்த, புதிய கண்ணாடிக் குழாய்தான் வேண்டும் என்று வலியுறுத்துவதற்கும் காரணம் முன்பே சொன்ன பன்னிரண்டாம் காரணிதான். பிளாஸ்டிக் குழாயிலோ, சோப்புத்தூள் போட்டுக் கழுவிய கண்ணாடியிலோ நல்ல இரத்தமும் நேரத்துக்கு உறையாமல் போய், நஞ்சு ஏறியதாகத் தவறாகக் காட்டும். இருபது நிமிடம் குழாயை ஆட்டக்கூடாது. பிறகு ஒருமுறை சாய்த்துப் பார்க்க வேண்டும்.

உறைதலை அருவி என்று சொன்ன அந்த மக்ஃபர்லேன், இளம் மருத்துவராக இருந்தபோது 1934-இல் இதே கண்ணாடி விரியனின் நஞ்சை மிக நீர்க்கச் செய்து, இரத்தம் உறையாமை நோயாளிகளின் காயத்தில் வெளியே தடவி இரத்தத்தை நிறுத்தினார் என்பது வியப்பான செய்தி. அதை யாரும் வீட்டில் நினைத்துப் பார்க்கவும் வேண்டாம். கடித்த இடத்தைக் கீறுவது, உறிஞ்சுவது, இறுக்கிக் கட்டுவது எல்லாம், உறையும் திறன் இழந்த இரத்தத்துக்கு வாசல் திறந்து விடுவதும் கைகாலைக் கெடுப்பதுமாகவே முடியும். கடிபட்ட கையையோ காலையோ அசைக்காமல் மருத்துவமனைக்குக் கொண்டு போவது ஒன்றுதான் வழி. உங்கள் தம்பியைக் காலத்தோடு கொண்டு சேர்த்தீர்கள்.

*

கேள்வி: ஹீமோஃபிலியா உள்ள குழந்தைகளுக்குத் திசுக் காரணி இருக்காதா?
– செவிலியர், ஓசூர்

ஹீமோஃபிலியா என்னும் இரத்தம் உறையாமை நோய் உள்ளவர்களுக்கும் அது இருக்கும்; முழு அளவில் இருக்கும். ஏழாம் காரணியும் இருக்கும். தொடக்கம் அவர்களுக்குச் சரியாகவே நடக்கிறது. ஆனால் தொடங்கிய சிறிது நேரத்திலேயே அந்த வாசலை உடம்பே ஒரு தடுப்புப் புரதத்தால் அடைத்துவிடுகிறது. மூன்று பிடிகள் கொண்ட அந்தப் புரதம் ஒரு பிடியால் ஏழாம் காரணியையும், இன்னொன்றால் பத்தாம் காரணியையும் பூட்டிவிடும். அதன்பிறகு எட்டாம், ஒன்பதாம் காரணிகள்தாம் வேலையைத் தொடர வேண்டும். ஹீமோஃபிலியா ஏ வகையில் எட்டாம் காரணியும், பி வகையில் ஒன்பதாம் காரணியும் குறைவு. ஆகவே சிறு கீறல் நின்றுவிடுவதையும், மூட்டுக்குள்ளும் தசைக்குள்ளும் கசிவு நிற்காமல் போவதையும் நீங்கள் பார்த்திருப்பீர்கள்.

எட்டாம் காரணியும் நொதியன்று. ஒன்பதாம் காரணியையும் பத்தாம் காரணியையும் எதிரெதிரே பிடித்து நிறுத்தும் புரதம். வேலை பிடிப்பது மட்டுமே என்பதால், அந்த இரண்டையும் இரு கைகளால் பிடிக்கும்படி செய்த ஓர் எதிர்ப்புரதத்தை (ஆன்டிபாடி) எட்டாம் காரணிக்குப் பதிலாகத் தோலுக்கடியில் ஊசியாகப் போட முடிகிறது. எமிசிசுமாப் என்னும் அந்த மருந்துக்கு அமெரிக்காவில் 2017-இல் அனுமதி கிடைத்தது. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் ஹீமோஃபிலியா ஏ நோயாளிகள் ஐவருக்கு, அவர்களுடைய சொந்த இரத்தத் தாய்செல்களில் எட்டாம் காரணியின் மரபணுவைச் சேர்த்துச் செலுத்திய சிகிச்சையின் முடிவுகள் 2024-இல் வெளிவந்தன.

*

கேள்வி: முடி திருத்தும் கடையில் கீறினால் படிகாரம் தேய்க்கிறார்கள். காட்டில் வெட்டுப்பட்டால் கிணற்றுப்பாசான் இலையைக் கசக்கி வைக்கிறோம். இவை திசுக் காரணியைத் தூண்டுகின்றனவா?
– வாசகர், தேன்கனிக்கோட்டை

படிகாரம் தூண்டுவதில்லை. அது பட்ட இடத்தில் உள்ள புரதங்களைத் திரியச் செய்து, தோலைச் சுருங்க வைத்து மேலாக அடைக்கிறது. பாலில் எலுமிச்சம்பழம் பிழிந்தாற்போன்ற வேலை அது. சவரக் கீறலுக்கு மேல் அதற்கு வலிமை கிடையாது. கடையில் ஒரே கட்டியை எல்லார் முகத்திலும் தேய்ப்பதை நான் விரும்பவில்லை. பச்சிலை விஷயத்தில், இலையை வைத்து அழுத்திப் பிடிக்கிறீர்களே, அந்த அழுத்தமே பாதி வேலையைச் செய்துவிடுகிறது. ஓட்டத்தின் வேகம் குறைந்தால், உண்டாகும் த்ராம்பின் அடித்துச் செல்லப்படாமல் காயத்திலேயே தங்கும். அதே அழுத்தத்தைத் துவைத்த துணியால் கொடுக்கலாம். நின்றதா என்று நொடிக்கொருதரம் எடுத்துப் பார்க்காமல் பத்து நிமிடம் பிடித்திருங்கள். மண் பட்ட அரிவாள் என்றால் டெட்டனஸ் தடுப்பூசி போட்டுக்கொள்ள வேண்டும்.